கஞ்சிக் கிடங்கும் நன்றிக் கடனும்

சென்ற இதழில் மொஹாக் இன்ஸ்டிடியூட் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபத்தோடு. கோபத்தோடு வாசித்தால் எழுதியவருக்கு நியாயம் செய்ய முடியாது என்று தேத்தண்ணீர் குடித்து, ஆறி, மறுபடியும். கோபம் இறங்கவில்லை, கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்து சேர்ந்துகொண்டது. எழுதியவர் நம்முடைய ஆள். எழுதியதற்குச் சாட்சியாக இழுத்து வந்தது நம்முடைய பள்ளிக்கூடங்களை. ஆகவே வேறு யாராவது பதில் எழுதட்டும் என்று பேசாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் பிரான்ட்ஃபர்ட் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பழைய மிஷன் விடுதிப் பள்ளி அது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட நியூ இங்கிலாந்துக் கம்பனி என்ற புரட்டஸ்தாந்து மிஷன் 1828இல் தொடங்கியது. 1831இலிருந்து பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தது. 1922இல் அரசாங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1970 யூன் மாதம் மூடினார்கள். 1972இலிருந்து அந்த வளவு உட்லண்ட் பண்பாட்டு நிலையமாகப் பூர்வகுடிகளின் கையில் இருக்கிறது. பல வருடத் திருத்தவேலைக்குப் பிறகு, 2025 செப்டெம்பர் 30ஆம் திகதி, பள்ளிக் கட்டடமே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நம் கட்டுரையாளரைச் சுட்டது இந்தத் திறப்புவிழாதான். எழுத்தறிவித்தவனை ஏசுகிறார்கள், நன்றி கெட்டவர்கள், பள்ளிக்கூடத்தைக் கண்ணீர்க் கண்காட்சி ஆக்கிவிட்டார்கள், அதுவும் எங்கள் வரிப்பணத்தில் என்பது அவருடைய முறைப்பாடு. பள்ளியென்றால் பள்ளியாக மதியுங்கள், முடியாவிட்டால் இடித்துத் தள்ளுங்கள் என்று முடிக்கிறார்.

கட்டுரையைக் கட்டடத்தின் அழகிலிருந்து தொடங்குகிறார். சிவப்புச் செங்கல், முகப்பில் வெள்ளைத் தூண்கள், கூரை உச்சியில் சின்ன மாடம், மரம் நட்ட நீண்ட பாதை. 1904இல் எழுந்த மரபுக் கட்டடம் என்று உருகுகிறார். அழகுதான், மறுக்கவில்லை. 1904 என்பதும் சரி. ஆனால் 1828இல் தொடங்கிய பள்ளிக்கு 1904இல் எதற்குப் புதுக் கட்டடம் என்று ஒரு கேள்வி மனதில் எழ வேண்டாமா? 1903 ஏப்ரலில் பழைய கட்டடம் எரிந்துபோனது. எரித்தவர்கள் அதற்குள் படித்த பிள்ளைகள். அதோடு நிற்காமல் அந்த வருடமே தொழுவங்களும் எரிந்தன. இவர் உருகுகிற தூணும் மாடமும் அந்தச் சாம்பலின் மேல் கட்டப்பட்டவை. பள்ளியைப் பிடிக்காத பிள்ளை வயிற்றுவலி என்று பொய் சொல்லும். கூடிப்போனால் மதில் பாயும். பள்ளியைக் கொளுத்துகிற அளவுக்குப் போன பிள்ளை எதைக் கண்டு போனது என்று யோசிக்காமல் தூண்களை எண்ணிக்கொண்டு நிற்பவரை ரசிகர் என்று சொல்லலாம். ஆய்வாளர் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்வதுதான் எனக்குச் சரிவரவில்லை.

அங்கே இருந்த பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மஷ் ஹோல். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்தப் பெயரைக் காணவில்லை. ஊரில் ஆளைத் தெரிந்தவர்களுக்குப் பட்டப்பெயர் தெரியாமல் இருக்குமா? தமிழில் கஞ்சிக் கிடங்கு என்று சொல்லலாம். தமிழ்நாட்டு வாசகர்கள் கோடவுனை நினைத்துவிடக் கூடாது. அது எங்களுக்குக் கிட்டங்கி. யாழ்ப்பாணத்தில் கிடங்கு என்றால் குழி. ஓட்ஸ் கஞ்சியைத் தினமும் ஊற்றினார்கள், பல நேரம் அதில் புழு கிடந்தது என்று அங்கே இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குச் சொந்தமாகப் பண்ணை இருந்தது. மாடு இருந்தது, கோழி இருந்தது, ஆப்பிள் தோட்டம் இருந்தது. பிள்ளைகள் பாதி நாள் வகுப்பில், பாதி நாள் பண்ணையிலும் துணி வெளுப்பறையிலும் குசினியிலும். பாலைக் கறந்த பிள்ளைக்குப் பால் இல்லை. அது விற்பனைக்குப் போனது. தோட்டத்தில் ஆப்பிள் எடுத்த பிள்ளைக்கு அடி விழுந்தது. கஞ்சி குடித்து வளர்ந்த பரம்பரை நாங்கள், கஞ்சியைக் குறையாகச் சொல்ல மாட்டோம். ஆனால் கஞ்சி குடிக்கிற வீட்டில் எல்லோரும் கஞ்சிதான் குடிப்பார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கட்டுரையாளரின் முழுப்பலமும் ஓர் ஒப்பீட்டில் நிற்கிறது. எங்களுக்கும் மிஷன் வந்தது, விடுதிப் பள்ளி கட்டியது, நாங்கள் படித்து முன்னுக்கு வந்தோம், நன்றியோடு இருக்கிறோம். இவர்களுக்கு மட்டும் என்ன கேடு? வட்டுக்கோட்டைச் செமினறி 1823, உடுவில் மகளிர் பள்ளி 1824, மொஹாக் இன்ஸ்டிடியூட் 1828 என்று வருடங்களை நிரையாக அடுக்கி, ஒரே காலம், ஒரே நோக்கம், ஒரே சேவை என்கிறார். வருடங்கள் சரி. நோக்கமும் ஓரளவு சரி. இரண்டு இடத்திலும் மதம் மாற்றத்தான் வந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அமெரிக்காவில் காசு கட்டிய புரவலர்களின் பெயரைச் சூட்டினார்கள். எங்கள் கோயிலையும் குறியையும் இழிவாக எழுதினார்கள். அதுவரைக்கும் ஒப்பீடு நடக்கும். அதற்குப் பிறகு கால் இடறி விழுகிறது. எங்கே விழுகிறது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இவர் ஒருவர் மட்டும் விழுகிற இடம் இல்லை அது. ஸ்காபரோவில் நான் போகிற பாதிக் கலியாண வீடுகளில் இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தார், அங்கேயே படிப்பித்தார், விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையில் பேர்சிவலுக்கு வலக்கையாக இருந்தார். நெற்றியில் திருநீற்றோடு. 1848இல் போதும் என்று வெளியே வந்தார். அதே வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன்காரர்களுக்கு அது கசத்திருக்கும். ஆனால் நாவலரைப் பிடித்துக்கொண்டு வரப் பொலிஸ் போகவில்லை. அவருடைய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய தகப்பன்மாரைச் சிறையில் போடச் சட்டம் இருக்கவில்லை.

கனடாவில் சட்டம் இருந்தது. 1920இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையான பூர்வகுடிப் பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும், எந்தப் பள்ளி என்பதை இந்தியர் விவகாரத் திணைக்களம் தீர்மானிக்கும் என்று ஆக்கினார்கள். அனுப்ப மறுத்தால் அபராதம், சிறை. ஓடிய பிள்ளையைப் பிடித்து வர அதிகாரி இருந்தார். பிறகு அந்த வேலையை மத்திய பொலிசும் பார்த்தது. திருத்தத்தைக் கொண்டுவந்தபோது திணைக்களத் தலைவராக இருந்த டங்கன் கம்பெல் ஸ்கொட், பூர்வகுடி என்று தனியாக ஒருவரும் மிஞ்சாமல் பொதுச் சமூகத்தில் கரைந்துபோகும் வரைக்கும் வேலை தொடரும் என்று நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் மறைக்காமல் சொன்னார். கவிஞர் என்றால் இளகிய மனம் என்று நம்புகிற வாசகர்களுக்காக ஒரு செய்தி: ஸ்கொட் கனடாவின் பெயர்பெற்ற கவிஞர்களில் ஒருவர்.

மொழிக்கு வருவோம். கட்டுரையாளர் தமிழை உயிரென்று மதிப்பவர், எனக்குத் தெரியும். தை பிறந்தால் தமிழ் மரபுத் திங்கள் மேடைகளில் அவரைக் காணாமல் இருக்க முடியாது. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தில் படிப்பித்தார்கள், ஆனால் தமிழும் பாடமாக இருந்தது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் ஏட்டிலிருந்து தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மானிப்பாயில் மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் உடற்கூற்றையும் வைத்தியத்தையும் தமிழில் எழுதவைத்து, தமிழிலேயே படிப்பித்தார். மதம் மாற்ற வந்தவன் மொழியைப் படித்தான். படித்த மொழியில் அச்சடித்தான். அதைப் பார்த்து நாவலரும் அச்சியந்திரம் வாங்கினார். பிரான்ட்ஃபர்ட்டில் பிள்ளை மொஹாக் மொழியில் வாய் திறந்தால் தண்டனை. ஒரு தலைமுறை இல்லை, பல தலைமுறை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய் தகப்பனானபோது தங்கள் பிள்ளைகளோடு அந்த மொழியில் பேசவில்லை. அடி விழும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். பேசத் தெரியாமல் போனவர்களும் இருந்தார்கள். இன்றைக்குப் பண்பாட்டு நிலையம் மொழிக்கென்று தனிப் பிரிவு வைத்துப் பாடுபடுவதற்கு இதுதான் காரணம். இதைக் கட்டுரையாளர் ‘பழம்பெருமைப் பொழுதுபோக்கு’ என்கிறார். சனிக்கிழமைதோறும் பேரப்பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற மனிதர் எழுதுகிற வசனமா இது?

ஒப்பீட்டைக் கைவிடச் சொல்லவில்லை, முழுதாகச் செய்யுங்கள் என்கிறேன். மேற்குக் கனடாவில் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளியை நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையார். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரியை நடத்தியவர்களும் அவர்கள்தான். சபை ஒன்று, செபம் ஒன்று, அங்கி ஒன்று. சென் பற்றிக்ஸில் படித்தவர்கள் ரொறொன்ரோவில் பழைய மாணவர் சங்கம் வைத்து இரவு விருந்து நடத்துகிறார்கள். கம்லூப்ஸில் படித்தவர்கள் விசாரணை ஆணைக்குழுவுக்கு முன்னால் சாட்சி சொன்னார்கள். ஒரே சபையின் இரண்டு பள்ளி ஏன் இப்படி இரண்டாகப் போனது என்பது நல்ல கேள்வி. அதை ஆராய்ந்து எழுதியிருந்தால் நானே கட்டுரையாளருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் மிஷனுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள், ஆகவே பெற்றோரின் மனம் கோணாமல் நடக்க வேண்டியிருந்தது. எதிரே சைவப் பள்ளி வந்ததும் இன்னும் கவனமாக நடக்க வேண்டியிருந்தது. கனடாவில் அரசு பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தது, தலைக்கு இவ்வளவு என்று காசும் கொடுத்தது. பெற்றோரின் மனம் கோணினால் யாருக்கு என்ன? எங்கள் மிஷனரிமார் நல்லவர்கள், அவர்களுடைய மிஷனரிமார் கெட்டவர்கள் என்றில்லை. கடிவாளம் ஓரிடத்தில் இருந்தது, மற்ற இடத்தில் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் பள்ளிப்படிப்புக்கு அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கிறார். இருந்தது. கிராண்ட் ஆற்றங்கரையில், மொஹாக் மக்களும் அடங்கிய ஆறு இனத்தாரின் நிலத்திலேயே பகல் பள்ளிகள் இருந்தன. 1878இலிருந்து பள்ளிச் சபை ஒன்றும் இருந்தது, அதில் அவர்களுடைய தலைவர்களும் இடம்பெற்றார்கள். படிப்பு வேண்டாம் என்று அந்த மக்கள் ஒருபோதும் சொன்னதில்லை. கிறிஸ்தவம் வேண்டாம் என்றுகூட எல்லோரும் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் மொஹாக் தேவாலயம் நிற்கிறது, 1785இல் கட்டியது, ஒன்ராறியோவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய தேவாலயம். மாற்கு எழுதிய சுவிசேஷத்தை மொஹாக்கில் மொழிபெயர்த்த ஜோசப் பிரான்ட் அந்த வளவில்தான் அடக்கம். கிறிஸ்தவத்தின் மேல் காழ்ப்பு என்று கட்டுரையாளர் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். காழ்ப்பு இருந்தால் தேவாலயத்தை ஏன் இத்தனை காலம் பேணி வைத்திருக்கிறார்கள்? அவர்களுக்கு எது கோயில், எது கிடங்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

பிறகு டொக்டர் ஒரோன்யாதெக்காவைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறார். இந்தப் பள்ளியில் படித்த மொஹாக் பிள்ளை, ஒக்ஸ்ஃபோர்ட் வரை போனார், ரொறொன்ரோவில் வைத்தியரானார், பெரிய காப்புறுதிச் சங்கம் ஒன்றின் தலைவரானார். எல்லாம் உண்மை. ஆரம்பகால மாணவர்கள் சிலர் ஆசிரியர்களாகவும் வந்தார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளி ஒரோன்யாதெக்காவுக்குப் பழக்கிக் கொடுத்த தொழில் சப்பாத்துத் தைப்பது. வைத்தியத்துக்கு இட்டுச்சென்ற படிப்பெல்லாம் வெளியே போய்த் தேடிக்கொண்டது. இன்னுமொன்று. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பீற்றர் மார்ட்டின். வாழ்நாள் முழுக்க அவர் பாவித்தது ஒரோன்யாதெக்கா. தரப்பட்ட பெயரை உதறிவிட்டுத் தன் மொழிப் பெயரோடு ஒக்ஸ்ஃபோர்டுக்குள் நடந்துபோனவரைக் கூப்பிட்டு, பள்ளியின் பெருமைக்குச் சாட்சி சொல் என்கிறார் நம் சட்டத்தரணி. எதிர்த்தரப்புச் சாட்சியைத் தன் தரப்புச் சாட்சி என்று நினைத்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

அந்தக் காலத்து வழக்கத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அடுத்த வாதம். தன்னுடைய வாத்தியாரும் பூவரசம் தடியால் விளாசினார், அதனால்தான் தான் உருப்பட்டதாகவும் ஒரு கிளைக்கதை வருகிறது. உருப்பட்டாரா என்பதை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து தாயிடம் தழும்பைக் காட்டியிருப்பார். தாய் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே வாத்தியாரைத் திட்டியிருப்பாள். அந்தத் தாய்தான் வித்தியாசம். கிடங்கில் அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி மறு பக்கம். ஒரே கூரைக்குக் கீழே ஒருவரோடு ஒருவர் பேச விடமாட்டார்கள். பெயருக்குப் பதிலாக இலக்கம்.

சரி, அந்தக் காலத்துக் கண்ணாலேயே பார்ப்போம். 1914இல் ஒரு தந்தை இந்தப் பள்ளி அதிபரின் மேல் பிரான்ட்ஃபர்ட்டில் வழக்குப் போட்டார். பள்ளியைவிட்டு ஓடிய பெண்பிள்ளைகளை அதிபர் எப்படித் தண்டித்தார் என்பது விசாரணைக்கு வந்தது. மூன்று நாள் தண்ணீர் உணவில் அடைத்து வைத்தது, வெறும் முதுகில் தோல்வாரால் அடித்தது, எல்லாம் வெளியே வந்தது. 400 டொலர் நட்டஈடு கட்டு என்று தீர்ப்பு. தீர்த்தவர்கள் 2025ஆம் வருடத்து முற்போக்குவாதிகள் இல்லை. பிரான்ட்ஃபர்ட் நகரத்து வெள்ளைக்காரர்கள், மாட்சிமை தங்கிய அரசர் ஐந்தாம் ஜோர்ஜின் பிரசைகள். அதற்கு ஏழு வருடம் முன்னரே, 1907இல், திணைக்களத்தின் தலைமை வைத்திய அதிகாரி டொக்டர் பீற்றர் பிரைஸ், மேற்கு மாகாணங்களின் வதிவிடப் பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் எப்படிச் சாகிறார்கள் என்று அறிக்கை கொடுத்திருந்தார். ஒருவரும் அசையவில்லை. உத்தியோகத்தை விட்ட பிறகு, 1922இல், சொந்தமாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒரு தேசியக் குற்றத்தின் கதை என்பது அதன் தலைப்பு. குற்றம் என்ற சொல்லை அன்றைக்கே, அரசாங்கச் சம்பளம் வாங்கிய வைத்தியர் எழுதிவிட்டார். இன்றைக்குப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கிலிக்கன் திருச்சபை 1993இலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டது. பிரதமர் 2008இல் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும், அவர்களுடைய சட்டத்தரணி நீதிமன்ற வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறார், தமிழில். கட்சிக்காரர் காசு கொடுப்பதாகவும் தெரியவில்லை.

வரிப்பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார். 1784இல் ஆளுநர் ஹால்டிமன்ட் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் அகலத்துக்கு ஆறு இனத்தாருக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலம் சுமார் 9,50,000 ஏக்கர். இன்றைக்கு அவர்களிடம் இருப்பது 46,000 ஏக்கர் அளவில். மிச்சத்தில்தான் கிச்சினர் இருக்கிறது, வாட்டர்லூ இருக்கிறது, கேம்பிரிட்ஜ் இருக்கிறது, பிரான்ட்ஃபர்ட்டும் இருக்கிறது. ரொறொன்ரோவில் வீட்டுவிலை ஏறிய பிறகு நம்மவர்கள் எங்கே வீடு வாங்கிக் குடிபுகுகிறார்கள் என்று கட்டுரையாளர் தன் உறவினர்களிடம் விசாரிக்கட்டும்.

இடித்துத் தள்ளுங்கள் என்ற கடைசி வாதத்தில் மட்டும் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. ஏனென்றால் அதைச் சொன்னவர்கள் அந்த மக்களுக்குள்ளும் இருந்தார்கள். உள்ளே கிடந்து பட்டவருக்கு அந்தக் கட்டடத்தின் நிழலே ஆகாது என்றால் அதற்கு மேல் நாம் என்ன பேச முடியும்? 2013இல் கூரை ஒழுகி உட்பக்கம் பழுதானபோது, திருத்துவதா இடிப்பதா என்று சமூகத்தைக் கூட்டிக் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் 98 சதவீதமானவர்கள் காப்பாற்றுங்கள் என்றார்கள். இரண்டு கோடி டொலருக்கு மேல் திரட்டி, கூரையிலிருந்து நிலவறை வரைக்கும் திருத்தினார்கள். அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சான்றைக் காப்போம்’. சான்று. கட்டுரையாளர் மரபுக் கட்டடம், மரபுக் கட்டடம் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறார், எண்ணிப் பார்த்தேன். அதற்குச் சொந்தக்காரர்களின் வாயில் அது வழக்கில் ஒப்படைத்த தடயப் பொருள். கத்தியைப் பத்திரப்படுத்தி வைப்பது கைபிடி வேலைப்பாடு அழகாக இருக்கிறது என்றா?

பண்பாட்டை வளர்ப்பதென்றால் புதுக் கட்டடத்தில் வளர்க்கலாமே, எதற்கு அந்தப் பேய் வீடு என்றும் கேட்கிறார். இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டால் நமக்குப் பதில் தெரியும். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் 97,000 நூல்களோடு சாம்பலாகிக் கிடந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை என்ன செய்வது என்று நாம் இருபது வருடம் சண்டை பிடித்தோம். எரிந்த கூட்டை அப்படியே விட வேண்டும், புது நூலகத்தை வேறாகக் கட்டலாம் என்று வாதாடினவர்கள் இருந்தார்கள். வெள்ளையடித்துத் திறந்துவிட்டால் கொளுத்தியவன் கையும் சேர்ந்து வெளுத்துவிடும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. திருத்தித்தான் ஆக வேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றவன். ஆனால் அந்தச் சண்டை நம்முடைய சண்டை. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, நடந்தது நடந்துவிட்டது, நூலகம் என்றால் நூலகமாக மதியுங்கள், இல்லாவிட்டால் இடியுங்கள், எதற்கு ஒப்பாரி என்று சொல்லியிருந்தால் கட்டுரையாளரின் பேனை என்ன பாடு பட்டிருக்கும்! பிரான்ட்ஃபர்ட் விடயத்தில் கொழும்பிலிருந்து வந்தவர் அவர்தான். அவருக்கு அது விளங்கவில்லை.

கிடங்கில் படித்தவர்களில் நல்ல நினைவு சொல்பவர்களும் உண்டு. கூடப் படுத்த தோழர்கள், சேர்ந்து திருடிய ஆப்பிள், விளையாட்டு. பிள்ளைகள் எங்கே விட்டாலும் விளையாடத்தான் செய்வார்கள். போர் முடிந்து அடைபட்டுக் கிடந்த முள்வேலி முகாமிலும் நம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். அதை வைத்து முகாமுக்கு நற்சான்றிதழ் எழுத நாம் சம்மதிப்போமா?

கட்டுரையோடு ஒரு படம் வந்திருக்கிறது. முகப்பு, வெள்ளைத் தூண்கள், வெயில் நல்ல பக்கமாக விழுந்திருக்கிறது. பத்து நிமிடம் முன்னால் நின்று பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். பத்து நிமிடத்தில் கட்டடத்தைச் சுற்றிப் பின்னாலும் போய் வந்திருக்கலாம். பின்சுவரில் பிள்ளைகள் செங்கற்களில் கீறிய பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள், முதலெழுத்துகள், வருடங்கள். சிலதை மழை தின்றுவிட்டது, சிலது நேற்றுக் கீறியது போல இருக்கிறது. நான் போனபோது எங்களோடு வந்த ஒரு சின்னப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவளுடைய கண்ணுக்கு அது நேரே இருந்தது. நாங்கள் குனிய வேண்டியிருந்தது. ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். நகம் மறையும் அளவுக்கு உள்ளே போனது. பழைய செங்கல், ஒரு ஆணியோ கல்லோ கிடைத்திருக்கும்; ஒரே நாளில் அந்த ஆழம் வராது.